ரத்தினபாய் மேசையில் தங்காத விண்ணப்பம்

1979 அக்டோபர் 11, வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குக் கல்லூரிக் கடைநிலை ஊழியர் முத்தையா என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மணியடிக்கவில்லை. நான் எட்டிப் பார்க்கும்வரை கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

"சார், நம்ம ரத்தினபாயக்கா போயிட்டாவ."

"எங்கே?" என்று கேட்டேன். எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டே இருந்தவர் என்பதால் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. முத்தையா தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

முந்தைய நாள் புதன்கிழமை மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு, நாசரேத்துக்கு அருகிலுள்ள சொந்த ஊரில், இதய நோயால் அவர் காலமானார். கல்லூரி அறிவிப்புப் பலகையில் 9ஆம் தேதி என்று எழுதியிருந்தார்கள். அது தவறு. 10ஆம் தேதி என்பதே சரி. அடக்கம் முடிந்து திரும்பிய அன்றே போய்ச் சொல்லி மாற்றச் செய்தேன். ஆனால் மாற்றப்பட வேண்டிய தவறு அது ஒன்றுமட்டும் அன்று. மற்றொன்று பலகையில் அடங்காதது. அதனால்தான் இந்தக் கல்லூரி மலரில் இடம் கேட்டேன். அவரை அறிந்த பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அடக்கத்தின்போது, இன்று அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கும் இளைஞர் சில வார்த்தைகள் பேசினார். அன்பாகத்தான் பேசினார். "உதவித்தொகைப் பிரிவுல பன்னிரண்டு வருஷம் இருந்தாங்க. அக்கா கையில தங்கினது ஒரே ஒரு தாள்தான். எழுபத்து நாலுல, மீனவர் தெருப் பிள்ளை ஒண்ணுக்கு. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. மனுஷப் பிறவிக்கு ஒரு தப்பாவது இருக்கணும்லா?" என்றார். கூடியிருந்தவர்கள் ஈரக் கண்களோடு தலையசைத்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன். அந்தத் தாள் அவர் கையில் தங்கவில்லை, என் கையில்தான் தங்கியது என்று சொல்ல அங்கே என்னைத் தடுத்தவர் யாருமில்லை. ஆயினும் நான் சொல்லவில்லை. திரும்பும் பேருந்தில் இருக்கை காலியாக இருந்தும் ஆத்தூர்வரை நின்றுகொண்டே வந்தேன். அன்றிலிருந்து எங்கும் நிலையாக உட்கார முடியவில்லை.

ரத்தினபாய் 1967 ஜூலை 3, திங்கட்கிழமை நம் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். தந்தையார் மிஷன் பள்ளி ஆசிரியர். அலுவலகத்தில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். கட்டணச் சலுகை, உதவித்தொகை விண்ணப்பங்களை அவரிடம் ஒப்படைத்தார்கள், யாரும் விரும்பாத வேலை என்பதால். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. தமக்குரிய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்து நான் பார்த்த நேரங்கள் மிகச் சில. வந்தவரை அதில் உட்காரவைத்துத் தாம் நின்றுகொண்டு கேள்வி கேட்பார். கேட்கும்போது ஜன்னலுக்கும் மேசைக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார். "உக்காந்து கேட்டா எனக்குக் காது கேக்காது சார்" என்பார். கணிதத் துறையில் விரிவுரையாளராகவும், 1971 முதல் சலுகைக் குழுவின் செயலராகவும் இருந்த எனக்கு இந்த நடை எரிச்சலூட்டியது. ஒரு கணக்கை நின்றுகொண்டு போட முடியாது என்பது என் கட்சி.

1970 ஜூன் 22, திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஆத்தூரிலிருந்து ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகனைச் சேர்க்க வந்தார். பிராஸ்பெக்டஸில் அச்சிட்டிருந்த கட்டணத்தைச் சில்லறை பிசகாமல் துணிப்பையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். கட்டிவிட்டுப் புறப்பட்டவரை ரத்தினபாய் தாழ்வாரத்தில் மறித்தார்.

"அண்ணாச்சி, பையன் தினம் ஊர்ல இருந்து வாரானா, ஹாஸ்டல்ல தங்குதானா?"

"ஹாஸ்டல்லதாம்மா."

"மெஸ் பணம்?"

"அது இதுல சேத்தி இல்லையா?"

"இல்ல. ரெக்கார்டு நோட்டு, பரீட்சை ஃபீஸு, புஸ்தகம், லேப்புல கண்ணாடிக் குழாய் ஒடைஞ்சா பிடிச்சுக்கிடுத முன்பணம், எதுவும் இதுல சேத்தி இல்ல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பொறவு என்னத்தத்தாம்மா இந்தப் புஸ்தகத்துல போட்டிருக்காவ?"

"வாசப்படியைப் போட்டிருக்காவ அண்ணாச்சி. வீடு இனிமேதான் வருது."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். சிரித்தபின்தான் பயந்தார். ரத்தினபாய் அவரைத் தம் நாற்காலியில் அமர்த்தி, ஓர் உறையின் பின்புறத்தில் ஓராண்டின் எல்லாச் செலவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். எந்த மாதம் வெற்றிலை நன்றாகப் போகும், எந்த மாதம் கொடிக்காலுக்கே செலவாகும், வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, அவரால் இயன்றதை மறுபக்கம் எழுதினார். இரண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தைச் சுட்டி, "இவ்வளவுதான் நீங்க கல்லூரியில கேக்கணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார். உதவி என்பது உண்மைச் செலவிலிருந்து குடும்பத்தால் இயன்றதைக் கழித்தபின் மிஞ்சுவது. இந்த எளிய கழித்தலை எனக்கு முன்னால் அவர்தான் போட்டார் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்த உறையைத்தான் பின்னர் ஒழுங்குபடுத்தி, 'ஓராண்டுக்கு உண்மையில் ஆகும் செலவு' என்று சைக்ளோஸ்டைல் செய்து, சேர வருகிற ஒவ்வொரு வீட்டாருக்கும் கொடுத்தார். முதல்வருக்கு அது பிடிக்கவில்லை. இதைப் பார்த்தால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்றார். "இப்ப ஓடினா சும்மா ஓடுவாவ சார். டிசம்பர்ல ஓடினா கட்டின பணத்தையும் விட்டுட்டுல்லா ஓடணும்" என்று ரத்தினபாய் பதில் சொன்னார். தாள் கொடுப்பது நிற்கவில்லை.

1971இல் நான் செயலரானதும் ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். அதற்குமுன் சலுகை என்பது முதல்வரின் மனநிலையையும், சிபாரிசுக் கடிதங்களையும் பொறுத்திருந்தது. என் பட்டியலில் மூன்றே பத்திகள்: ஆண்டு வருமானம், குடும்பத்தில் உண்போர் எண்ணிக்கை, மாணவரின் மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டியதில்லை. யாருடைய முகத்தையும் பார்க்காத பட்டியல் என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை முழுவதும் தவறன்று. சிபாரிசுக் கடிதங்கள் நின்றன.

ஆனால் பட்டியல் காகிதத்தை நம்பியது. ரத்தினபாய் காகிதத்தை நம்பவில்லை. 1972இல் ஒரு கடைக்காரர் தம் மகனுக்காக மிகச் சொற்பமான வருமானத்துக்குச் சான்றிதழ் வைத்திருந்தார். என் பட்டியலில் அந்த மகன் முதலிடத்தில் வந்தான். ரத்தினபாய் சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போய் ஒரு சீப்பு வாங்கினார். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, சர்ட்டிபிகேட்டுல உள்ள வருமானத்துக்கு இந்தக் கண்ணாடி அலமாரியில ஒரு தட்டுகூட வாங்க முடியாதே, எப்படி அண்ணாச்சி சமாளிக்கிய?" என்று கேட்டாராம். திங்கட்கிழமை காலை விண்ணப்பம் தானாகவே திரும்பப் பெறப்பட்டது. கடைக்காரர் அதன்பின் அவரை எங்கே பார்த்தாலும் வணங்குவார். சீப்புக்கு மட்டும் விலை குறைக்கவில்லை என்று ரத்தினபாய் குறைபட்டுக்கொண்டார்.

குறைத்துச் சொல்பவரைக் கண்டுபிடிக்க எனக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. கூட்டிச் சொல்லும் ஏழை ஒருவர் இருப்பார் என்று நான் நினைத்ததில்லை.

1974 ஜூன் மாதத்தில் ஜெசிந்தா என்ற மாணவி பி.எஸ்ஸி. கணிதத்துக்கு விண்ணப்பித்தாள். புகுமுக வகுப்பில் கணிதத்தில் மிக நல்ல மதிப்பெண். துறையில் அவளுக்கு இடம் உறுதியாயிற்று. முதல் தவணைக் கட்டணத்தை அல்லது அதற்கு ஈடான சலுகை ஆணையை ஜூலை 15, திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் காசாளரிடம் கொடுக்க வேண்டும். தவறினால் மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இந்த விதியை வற்புறுத்தியவனும் நானே.

அவள் தந்தை சூசை சங்கு குளிப்பவர். கிராமக் கணக்கரான கர்ணம் கொடுத்திருந்த சான்றிதழில் மாத வருமானம் முந்நூறு ரூபாய் என்று இருந்தது. பன்னிரண்டால் பெருக்கினேன். ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூறு. வரம்பைத் தாண்டியது. மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. ஜூலை 9, செவ்வாய்க்கிழமை பலகையில் போட்ட நிராகரிப்புப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது.

அன்று பிற்பகலே ரத்தினபாய் என் அறைக்கு வந்தார். வழக்கம்போல உட்காரவில்லை.

"சார், கடல் பன்னிரண்டு மாசமும் தொறந்திருக்குமா?"

"சான்றிதழில் மாத வருமானம் என்று இருக்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்" என்றேன்.

"கச்சான் அடிக்கையில கடலே கலங்கிக் கெடக்கும். அடியில சங்கு இருக்கா கல்லு இருக்கான்னு தெரியாது. முக்குளிக்க எவன் எறங்குவான்?"

தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றின் மாதங்களில் சங்கு குளிப்பு நிற்கும் என்பது தூத்துக்குடியில் முப்பது ஆண்டு குடியிருந்த எனக்குத் தெரியாததன்று. என் வீட்டு ஜன்னலையே அந்தக் காற்று உடைத்திருக்கிறது. ஆனால் அதைச் சான்றிதழோடு சேர்த்து நினைத்ததில்லை. "அப்படியானால் புதிய சான்றிதழ் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றேன்.

கொண்டுவரவில்லை. ஏனென்று பார்க்க ஜூலை 13, சனிக்கிழமை மாலை இருவரும் மீனவர் தெருவுக்கு நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். கச்சான் என் குடையை இருமுறை புரட்டியது. "உங்க குடைக்கும் ஒரு புள்ளி போடணும் சார், இந்த வயசுலயும் எந்தப் பக்கம் வேணும்னாலும் வளையுது" என்று திரும்பிப் பாராமலே சொன்னார். படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன.

சூசைக்கு ஒரு காது கேட்காது. ஆழத்தில் மூச்சடக்கிப் போய்வருபவர் பலருக்கும் வருகிற குறை. அதனால் உரக்கப் பேசினார். அந்த மாதங்களில் உப்பளத்தில் கூலி கிடைக்கும் நாளில் போவதாகவும், கிடைக்காத நாளில் இருப்பதாகவும் சொன்னார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். முந்நூறு என்பது தவறு, உண்மையில் குறைவு என்று எழுதிக் கையெழுத்திட்டால் மறுபரிசீலனை செய்யலாம் என்றேன்.

"மாட்டேன் வாத்தியாரய்யா" என்றார். "கர்ணம் கேட்டாரு, மாசம் என்ன கெடைக்கும்னு. முந்நூறுன்னேன். எனக்கு முந்நூறு கெடைச்சிருக்கு. பொய்யில்ல."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "முந்நூறாம் முந்நூறு! அது எந்த மாசம், எந்தப் பானையில போட்டு வச்சிருக்கீரு? நானும் வந்த நாள்ல இருந்து அந்தப் பானையைத் தேடுதேன்!"

சூசை கேட்காத காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பின்னர்தான் விளங்கியது. அந்தத் தெருவில் சங்கு குளிப்பவரிடம் வருமானம் கேட்டால், பருவத்தின் மிகச் சிறந்த மாதத்தைத்தான் சொல்வார். குறைத்துச் சொல்வது வழக்கமில்லை. குறைத்துச் சொன்னால் கடல் அதைக் கேட்டு அவ்வளவே கொடுக்கத் தொடங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். "கடலைக் குறை சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட உள்ள எறங்குவேன்?" என்று கேட்டார். ஜெசிந்தா கதவோரம் நின்றிருந்தாள். தந்தையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ரத்தினபாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தினபாய் அந்தக் குறுகிய இடத்திலும் நடந்துகொண்டிருந்தார். சட்டென்று நின்று, நல்ல காதின் பக்கமாகக் குனிந்தார்.

"சூசையண்ணாச்சி, கடலைக் குறை சொல்ல வேண்டாம். காத்தைக் குறை சொல்லலாமா?"

அவர் யோசிக்கவே இல்லை. "காத்தையா? அந்தச் சண்டாளக் காத்தை எவ்வளவு வேணும்னாலும் ஏசலாம்!"

"அப்ப ஏசுங்க. எழுதிக்கிடுதேன்."

அவர் ஏசினார். எந்த மாதம் கச்சான் தொடங்கியது, எத்தனை நாள் படகு இறங்கவில்லை, இறங்கியும் தண்ணீர் தெளியாமல் எத்தனை முறை வெறுங்கையோடு வந்தார், மழைக்காலத்தில் வாடைக்காற்று என்னென்ன செய்தது என்று ஒவ்வொன்றாக, வசைகளோடு சொன்னார். வசைகளை விட்டு நாள்களை மட்டும் ரத்தினபாய் எழுதினார். கடைசியில் பார்த்தால், ஓராண்டில் அவர் உண்மையில் சம்பாதித்த மாதங்கள் ஐந்துகூட இல்லை. காற்றைப் பற்றிய அந்த வாக்குமூலத்தில் சூசை மனநிறைவோடு கையெழுத்திட்டார். வரும் வழியில் ரத்தினபாய், "சர்ட்டிபிகேட்டு அவர் வீட்டைப் பார்க்கலை சார், வாயைத்தான் பார்த்திருக்கு" என்றார்.

இனி எழுத வேண்டியது எனக்குக் கடினமான பகுதி. நேரங்களை என் நாட்குறிப்பிலிருந்து தருகிறேன்.

ஜூலை 15, திங்கட்கிழமை. முதல்வர் வெளியூரில். துணை முதல்வர் கையெழுத்திடத் தயாராக இருந்தார். அவருக்கு வேண்டியது செயலரின் குறிப்பு ஒன்றே. காற்று வாக்குமூலம் ஆவணமாகுமா என்று நான் ஒன்றரை மணி நேரம் விதிகளைப் புரட்டினேன். பதினொன்றரை மணிக்கு ஏற்கலாம் என்று முடிவு செய்தேன். மூன்று மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. ஒரு குறிப்பு எழுதப் பத்து நிமிடம் போதும்.

முதல் வரைவில், கர்ணத்தின் சான்றிதழில் பிழை இருந்தது என்று எழுதினேன். அது உண்மையன்று. சூசை சொன்னதைத்தான் அவர் எழுதினார். கிழித்தேன். இரண்டாவதில், விண்ணப்பதாரர் போதிய விவரம் தரவில்லை என்று எழுதினேன். கிழித்தேன். மூன்றாவதில், கணக்கிடும் முறையில் ஒரு சிறு பிசகு நேர்ந்திருக்கலாம் என்றேன். யாருடைய முறை என்று குறிப்பிடவில்லை. அதைத் திருத்தி மெருகேற்றினேன். ஒவ்வொரு கால் மணிக்கும் ரத்தினபாய் வாசலுக்கு வந்து, "ஆச்சா சார்?" என்றார். இரண்டு மணிக்கு மேல் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒருமுறை, "பன்னிரண்டால பெருக்கினது என் தப்புன்னு ஒத்தை வரி எழுதுங்க சார். மத்தது எல்லாம் நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். என் ஜன்னல் வழியே தாழ்வாரம் தெரிந்தது. நீலத் தாவணியில் ஜெசிந்தா காசாளர் சன்னலுக்குப் பக்கத்தில் காலை முதல் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பார்த்தபின்னும் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான்காவது வரைவில் என் பெயரைப் போட்டேன். நயமான வாசகம். முடித்து எழுந்தபோது மணி மூன்று பத்து. காசாளர் சன்னலைச் சாத்திவிட்டு வங்கிக்குப் புறப்பட்டிருந்தார்.

ரத்தினபாய் குறிப்பை வாங்கி முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வாசகம் நல்லா இருக்கு சார்" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான்.

பிறகு அவர் தாழ்வாரத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். இரண்டு கை தூரத்தில் நின்றேன்.

"ஏளா, தாள் ஆபீஸ்ல தங்கிப்போச்சு" என்றார்.

"யார்ட்டக்கா?"

"எங்கிட்டத்தான்."

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்டயா?" என்றாள். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். என் வாய் அப்போதும் திறக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு இடம் வேறொருவருக்குப் போயிற்று. அவரும் பணம் கட்டிவிட்டார். முதல்வர் திரும்பியபின், கோப்பில் காரணம் குறிக்க வேண்டியிருந்தது. 'அலுவலகத் தாமதம்' என்று எழுதப்பட்டது. எழுதியது என் கை. அந்த இரண்டு சொற்களைப் படித்துத்தான் கண்காணிப்பாளர் அடக்கத்தன்று அப்படிப் பேசினார். அவர்மேல் குற்றமில்லை.

அந்த வாரக் கடைசியில் ரத்தினபாயிடம் கேட்டேன்: "ஏன் உங்கள்மேல் போட்டுக்கொண்டீர்கள்?"

"அவ அடுத்த வருஷம் திரும்ப வருவா சார், நான் வர வைப்பேன். வந்தா மூணு வருஷம் உங்க கணக்கு கிளாஸ்லல்லா உக்காரணும். எம் மேசை முன்னால உக்கார வேண்டாம்லா?" என்றார். சொல்லிவிட்டு உடனே, "அதை விடுங்க. இந்த வருஷம் தள்ளின விண்ணப்பம் எல்லாத்தையும் எடுங்க. எத்தனை பேரைப் பன்னிரண்டால பெருக்கியிருக்கோம்னு பாப்போம்" என்றார். 'பெருக்கியிருக்கோம்' என்று என்னோடு தம்மையும் சேர்த்துக்கொண்டார்.

எடுத்தோம். சாத்தான்குளம் பக்கத்துப் பனையேறி ஒருவர், பதனீர் இறங்கும் மாதத்தின் வருமானத்தைச் சொல்லியிருந்தார். உப்பளத் தொழிலாளி ஒருவர், மழைக்கு முந்தைய மாதத்தை. என் பட்டியல் சம்பளக்காரர் வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இந்தக் கரையில் பாதி வீடுகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அந்த ஆண்டு சனிக்கிழமைகளில் நாங்கள் அலைந்த ஊர்களைச் சொன்னால் பக்கம் கொள்ளாது. சிலரை மீட்டோம். சிலர் அதற்குள் சென்னைக்கும் கொழும்புக்கும் கடை வேலைக்குப் போயிருந்தார்கள். அந்த வீடுகளிலிருந்து வெளியே வரும்போது அவர் நடை மேலும் வேகமாகும். நான் பின்தங்கிவிடுவேன்.

1975 ஜூன் முதல் விண்ணப்பத்தில் 'மாத வருமானம்' என்ற வரி நீக்கப்பட்டது. 'வேலை உள்ள மாதங்கள் எவை, இல்லாத மாதங்கள் எவை, இல்லாததற்குக் காரணம் என்ன' என்று மூன்று வரிகள் வந்தன. கடைசி வரியில் பலர் காற்றை ஏசினார்கள். அந்த விண்ணப்பத்தை நான் வடிவமைத்ததாக 1977இல் எனக்கு நடந்த பிரிவுபசார விழாவில் பாராட்டினார்கள். ரத்தினபாய் கைதட்டினார். அதுவும் திருத்தப்பட வேண்டியது: வரிகள் அவருடையவை. நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

ஜெசிந்தா 1975 ஜூன் 16, திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். ரத்தினபாய் சொன்னபடியே ஆயிற்று. என் வகுப்பில் இரண்டு ஆண்டுகள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் ஓய்வுபெறும்வரை ஒருநாளும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைத்த நாள்கள் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. அவற்றை எண்ண எனக்கு மனமில்லை.

இம்மாதம் 15ஆம் தேதி முதல்வருக்குக் கடிதம் கொடுத்தேன். 1974ஆம் ஆண்டுக் கோப்பில் 'அலுவலகத் தாமதம்' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். 17ஆம் தேதி, புதன்கிழமை குலசேகரன்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினேன். ஜெசிந்தா இப்போது அங்கே பள்ளி ஆசிரியை. மாலை நான்கரைக்குப் பள்ளி விட்டதும், மைதான ஓரத்தில் நின்றபடியே, பதினொன்றரை முதல் மூன்று பத்து வரை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் குறுக்கிடவில்லை. நான் முடித்தபின் பேசினாள்.

"அக்காகூட நான் ஒரு வருஷத்துக்கு மேல பேசல சார். ரோட்டுல எதுத்தாப்ல வந்தா அந்தப் பக்கம் போயிருவேன். காலேஜுல சேந்த புதுசுல ஒருநாள், 'ஏளா, சாப்பிட்டியா'ன்னு கேட்டாவ. காதுல விழாத மாதிரிப் போயிட்டேன். எங்கப்பாதான் ஏசினாவ, 'காத்தை எழுதிக்கிட்டுப் போன பொம்பளையா ஒன் தாளைத் தூங்கப் போடுவா'ன்னு. பொறவு நானாப் போய், 'போனது போட்டும்க்கா, நான் மனசுல வச்சிக்கிடல'ன்னு சொன்னேன்." சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அக்காவை நான் மன்னிச்சேன் சார். அவங்க 'சரிளா'ன்னு தலையாட்டி, அதையும் வாங்கிக்கிட்டாவ."

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். "பஸ் வருது சார்" என்றாள். ஏறிக்கொண்டேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவரை அறிந்தவர்களிடம் அவர் விட்டுச்சென்றவை பல இருக்கும். செலவுத் தாளைச் சிலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். அவர் விசாரித்து வந்துபோன வீடுகளில் அவர் நடையை நினைவு வைத்திருக்கிறார்கள். நான் வைத்துக்கொள்வது, ஒரு பெண் அவரிடம் பேசாமல் கழித்த அந்த ஓராண்டை. அது எனக்கு வந்திருக்க வேண்டியது. தவறான முகவரிக்குப் போய், அவர் திருப்பியனுப்பாமல் வைத்துக்கொண்டது. இப்போது அதை என்னுடையதாக எடுத்துக்கொள்கிறேன். அந்த மன்னிப்பை மட்டும் தொட மாட்டேன். அது ரத்தினபாய்க்குக் கொடுக்கப்பட்டது.